வீடற்றோர் காப்பகத்தில் முதல் வேலை: மாணவர்களைத் தயார் செய்தபோது பார்த்தவை

சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளிடம் எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டால், கம்பெனி மனிதவளப் பிரிவு, மருத்துவமனை, பள்ளி ஆலோசகர் என்று சொல்வார்கள். வீடற்றோர் காப்பகம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் சென்னையில் மாநகராட்சி ஆதரவோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் காப்பகங்களுக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது. காப்பாளர், ஒருங்கிணைப்பாளர், களப்பணியாளர் என்று பல பெயர்களில் அந்த வேலைகள் இருக்கின்றன. பலர் அங்கே தற்செயலாகத்தான் வந்து சேர்கிறார்கள். பயிற்சி ஏதும் இல்லாமல் வந்து, சில மாதங்களில் போய்விடுகிறார்கள். நான் ஒரு காப்பகத்தில் ஒருங்கிணைப்பாளராகத் தொடங்கியவன். இப்போது மாணவர்களின் களப்பணியை மேற்பார்வையிடுகிறேன். இந்த வேலைக்குப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்தால் அவர்கள் நிலைத்து நிற்கிறார்கள், அவர்களால் அங்கே தங்குபவர்களுக்கு என்ன நன்மை என்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் காப்பகங்கள் யாரோ மனம் இரங்கிக் கட்டிய சத்திரங்கள் இல்லை என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். உணவு உரிமை வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளின் தொடர்ச்சியாகத்தான், நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அது வருடம் முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கு ஒரு திட்டமும் நிதியும் கொடுத்தது. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம், ஒரு மேலாளர், எட்டு மணி நேர ஷிஃப்ட்டாக மூன்று காப்பாளர்கள் என்று அதன் வழிகாட்டு நெறிகள் வகுத்தன. இதைத் தெரிந்துகொண்ட மாணவர் காப்பகத்துக்குள் வேறு மாதிரி நுழைகிறார். தான் தர்மம் செய்யப் போகவில்லை, ஒருவருக்கு உரியதைக் கொண்டு சேர்க்கப் போகிறோம் என்பது புரிந்துவிட்டால், பேச்சில் இருக்கும் அதட்டலும் குறையும், தேவையில்லாத உருக்கமும் குறையும்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) களப்பணி வழக்கமாக வாரம் இரண்டு நாள், காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை. இந்தத் துறைக்கு அந்த நேரம் ஒத்துவராது. பகலில் நடைபாதையில் யார் இருப்பார்கள்? மூட்டை தூக்குபவர், பூ விற்பவர், மீன்பாடி வண்டி ஓட்டுபவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். எழுந்து நடக்க முடியாத சிலரை மட்டும் பார்த்துவிட்டு, வீடற்றவர் என்றாலே இப்படித்தான் என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே வீடற்றவர்களை இரவில்தான் எண்ணுகிறார்கள். 2011-ல் பிப்ரவரி 28 இரவு அதற்காக ஒதுக்கப்பட்டது. திறந்தவெளி, சாலையோரம், பெரிய குழாய்களுக்குள், மேம்பாலத்தடி, மாடிப்படிக்குக் கீழ், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று தேடி எண்ணியதில் நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் வந்தார்கள். அரசே இரவில் எண்ணும்போது நாம் பகலில் போய் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று கல்லூரியில் பேசி, களப்பணி நேரத்தை மாற்றினேன். இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை, சில நாள் விடியற்காலை ஐந்து மணி.

இது எளிதாக நடக்கவில்லை. பெண் பிள்ளைகளின் வீட்டில் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. அதனால் சில விதிகளை எழுதி, பெற்றோருக்கே கையில் கொடுத்தோம். எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். காப்பகத்தின் அனுபவமுள்ள பணியாளர் ஒருவர் கூட இருப்பார். அந்தப் பகுதி காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். தெருவிளக்கு இல்லாத சந்துக்குள் போகக் கூடாது. திரும்பி வந்து சேர்ந்ததும் போன் செய்ய வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் சில வீடுகளில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மாணவிகளுக்கு விடியற்காலை நேரத்தைக் கொடுத்தோம். அம்மா உணவகம் திறக்கும் நேரத்தில், ஒரு ரூபாய் இட்லிக்கு நிற்கும் வரிசையில் பேசிப் பார்த்தாலே அந்தப் பகுதியில் யார் எங்கே படுக்கிறார்கள் என்பது பாதி தெரிந்துவிடும்.

புதிதாக வரும் மாணவரை நேராக நடைபாதைக்கு அனுப்புவதும் சரியில்லை. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில், நோயாளியோடு வந்தவர்கள் தங்குவதற்கென்றே காப்பகங்கள் இருக்கின்றன. தொடக்கத்துக்கு நல்ல இடம் அதுதான் என்பது என் எண்ணம். வெளி மாவட்டத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். கணவனை ஐ.சி.யூ.வில் விட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு எந்த வார்டு எந்தப் பக்கம், காப்பீட்டுக்கு யாரைப் பார்க்க வேண்டும், எங்கே குளிக்கலாம் என்று எல்லாமே கேட்க வேண்டியிருக்கும். அவரே பேச விரும்புவார். அங்கே கேட்கப் பழகிய மாணவருக்கு, பேச விரும்பாதவரிடம் உட்காரும் துணிச்சல் பிறகு வருகிறது.

அடுத்தது பிராட்வே, வால்டாக்ஸ் சாலை, சென்ட்ரல் பக்கம். இங்கேதான் மாணவர்கள் மனதில் கொண்டுவரும் படம் உடையும். தலைமுறை தலைமுறையாக அதே நடைபாதையில் வாழும் குடும்பங்களை அங்கே பார்ப்பார்கள். வாக்காளர் அட்டை இருக்கும், பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் படிப்பார்கள், பாத்திரங்கள் சாக்கில் கட்டிக் கம்பியில் தொங்கும். காப்பகத்துக்கு வாருங்கள் என்று அவர்களை அழைத்தால் வர மாட்டார்கள். காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றுதான் பெரும்பாலும் இருக்கின்றன. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், வயசுப் பையன் வேறு பக்கம் என்று ஒரு குடும்பம் ஏன் பிரிய வேண்டும்? அவர்களுக்குத் தேவை வீடு, அதுவும் பிழைப்புக்குப் பக்கத்தில். அறிக்கையில் ‘வர மறுத்தார்கள்’ என்று எழுதி வரும் மாணவரை நான் மறுபடி அதே தெருவுக்கு அனுப்புவேன். எதை மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள், எது கிடைத்தால் வருவார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்வேன்.

பேச்சைத் தொடங்குவது எப்படி என்பதை நான் கற்றுக்கொடுப்பதில்லை. அதற்கு எங்களுக்கு ஒரு அக்கா இருக்கிறார். சின்ன வயதில் குழந்தையோடு பூக்கடைப் பக்கம் படுத்திருந்தவர், பிறகு காப்பகத்தில் தங்கி, அங்கேயே காப்பாளர் ஆனவர். மாணவிகள் ஒரு பாட்டியம்மா எதிரில் நின்றபடி கேள்வித்தாளை எடுத்தால் அக்காவுக்குப் பொறுக்காது. “நிக்காதம்மா, நின்னா போலீஸுன்னு நெனச்சுக்குவாங்க. குந்து மொதல்ல. பேப்பர உள்ள வை” என்பார். அவர் உட்காரும் முறையையே கவனிக்கச் சொல்வேன். நேர் எதிரில் உட்கார மாட்டார், பக்கவாட்டில், ஒரு கை தள்ளி உட்கார்வார். எழுந்து போகும் வழியை மறிக்க மாட்டார். அவர்கள் விரித்திருக்கும் சாக்கின் மேல் கால் வைக்க மாட்டார், ஏனென்றால் அது அவர்களுடைய வீடு. பெயர், ஊர், வயது எதையும் உடனே கேட்பதில்லை. “இந்த எடத்துல கொசு ஜாஸ்தியாச்சே, எப்படிம்மா தூங்குற?” என்று ஆரம்பிப்பார். மழை வந்தால் எங்கே போவீர்கள், பையை யார் பார்த்துக்கொள்வார்கள், பாத்ரூம் எங்கே என்று பேச்சு தானாக வளரும். பத்து நிமிஷத்தில் எங்கள் கேள்வித்தாளில் இருப்பதற்கு மேலேயே விஷயம் வந்துவிடும்.

ஒரு முறை ஒரு பெண் அவரிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “உள்ள தாழ்ப்பா இருக்கா?” சாப்பாடு உண்டா, காசு கட்டணுமா என்றெல்லாம் கேட்கவில்லை. தெருவில் படுக்கும் பெண்கள் பலர் இரவில் தூங்குவதே இல்லை, பகலில்தான் கண் அசருகிறார்கள். அதைத் தெரியாமல் மத்தியானம் போய் எழுப்பி, சோம்பேறி என்று நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அக்கா அந்தப் பெண்ணிடம் தாழ்ப்பாள் எப்படிப்பட்டது, யார் கையில் சாவி, இரவில் யார் முழித்திருப்பார்கள், மூட்டையை எங்கே வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெண் அன்று வரவில்லை. சில வாரம் கழித்து அவரே கேட்டுக்கொண்டு வந்தார். இதை மாணவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம், ஏனென்றால் கல்லூரி மாதாமாதம் எண்ணிக்கை கேட்கும். அந்தச் சில வாரங்களும் வேலைதான், அதையும் டைரியில் எழுது என்று சொல்கிறேன்.

தெரு வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தவர்களைப் பயிற்சி கொடுப்பவர்களாக வைப்பது பற்றி இன்னொன்று. அவர்களை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துக் கதை சொல்ல வைத்து, கைதட்டி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் மேற்பார்வையாளர்கள். மாணவரின் மதிப்பீட்டில் அவர்கள் சொல்லுக்கும் இடம் வேண்டும், அதற்குச் சம்பளமும் வேண்டும்.

போட்டோ விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். நடைபாதையில் போன் வெளியே வரக் கூடாது. பண்டிகை நாட்களில் பொட்டலம் கொடுத்துவிட்டுப் படம் எடுக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அங்கே இருப்பவர்களுக்கு வெறுத்துப்போயிருக்கிறது. ஸ்டேட்டஸில் வைப்பதற்காக ஒரு படம் எடுத்த மாணவரால் அந்தத் தெருவில் எங்கள் பணியாளருக்கும் பேச்சு நின்றுபோகும்.

காப்பகத்துக்கு ஒருவர் வந்து சேரும் முதல் மணி நேரம்தான் மிக முக்கியம். பதிவேட்டில் பெயர், கையெழுத்து அல்லது கைரேகை, காவல் நிலையத்துக்குத் தகவல் என்று முறைகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு குளிக்க வைப்பது, முடி வெட்டுவது. பேன், சிக்கு என்று காரணம் சொல்லி, வந்தவுடன் மொட்டை அடிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இதில் எனக்குக் கடும் கருத்து இருக்கிறது. கேட்காமல் ஒருவர் தலையில் மெஷின் வைக்கக் கூடாது. சில பேருக்கு அந்த முடி வேண்டுதலாக இருக்கும், சில பேருக்கு வேறு ஒன்றுமே மிஞ்சாமல் போன நிலையில் தன்னுடையது என்று இருப்பது அதுதான். சோப்பு, சுடுதண்ணீர், மாற்றுத்துணி காட்டி, இப்போதா நாளைக்கா என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள். நாளைக்கு என்றால் நாளைக்கு. பழைய துணியை உடனே குப்பையில் போடுவதும் கூடாது. முடிச்சில் காசு இருக்கும், மகள் போன் நம்பர் எழுதிய காகிதம் இருக்கும். அவர் கண் முன்னால், அவரே பிரித்துப் பார்க்கட்டும்.

உடம்பு பற்றிச் சில விஷயங்கள் முதல் நாளே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் காப்பகத்துக்கு வந்ததும் சட்டென்று குடி நின்றுபோகிறது. நல்லதுதானே என்று விட்டுவிடுவார்கள். முதல் நாளே கை நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, தாறுமாறாகப் பேசுவது என்று ஆகலாம். இது உயிரைப் பறிக்கக்கூடியது. தகராறு செய்கிறார் என்று நினைத்து அறையில் பூட்டுவதோ வெளியே அனுப்புவதோ பெரிய ஆபத்து. 108-ஐ அழைத்து, கடைசியாக எப்போது குடித்தார் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். அதனால் வந்த அன்றே, குற்றம் சொல்லும் குரல் இல்லாமல், “தினமும் சாப்பிடுவீங்களாய்யா? கடைசியா எப்ப?” என்று கேட்டு எழுதிவைக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறேன். ராத்திரி ஷிஃப்ட்டில் தனியாக இருக்கும் 22 வயதுக் காப்பாளருக்கு இந்த ஒரு வரி ஒரு உயிரைக் காப்பாற்றித் தரும்.

அதேபோல இருமல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. காசநோய் என்று தெரிந்தால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் உதவி 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். அந்தப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு இல்லாதவருக்குக் கணக்கு தொடங்குவதும் சிகிச்சையோடு சேர்ந்த வேலையாகிவிடுகிறது. காலில் புண் இருந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். புழு வைத்த புண்ணை மாணவர் கை வைத்துச் சுத்தம் செய்ய நான் விடுவதில்லை. பக்கத்தில் நிற்பது, முகம் சுளிக்காமல் பேசிக்கொண்டிருப்பது, ஆஸ்பத்திரியில் வரிசையில் கூட நிற்பது ஆகியவை அவர்கள் வேலை. அந்த வரிசையில் “ஆள் யாரு? சொந்தக்காரங்க இல்லாம அட்மிஷன் இல்ல” என்ற குரல் கேட்கும். அங்கே கத்தாமல், கெஞ்சாமல், காப்பகத்தின் கடிதத்தை நீட்டி நிற்கப் பழக வேண்டும். வகுப்பில் இதை நாடகம் போல நடித்துப் பார்க்க வைக்கிறேன். முதல் தடவை எல்லோரும் கெஞ்சுகிறார்கள், பழகப் பழக நிமிர்ந்து பேசுகிறார்கள்.

அப்புறம் பதிவு எழுதுவது. இந்த வேலையில் மாணவர்கள் மிகவும் அலட்சியமாகப் பார்ப்பது இதைத்தான், நான் மிக அதிக நேரம் செலவிடுவதும் இதில்தான். ஒரு மாணவர் எழுதியிருந்தார்: “பயனாளி ஒத்துழைக்க மறுக்கிறார். அழுக்காக இருக்கிறார். மனநலம் சரியில்லை.” மூன்று வாக்கியத்தில் அந்த மனிதரைப் பற்றி எதுவுமே இல்லை. காலையில் வரும் காப்பாளர் இதைப் படித்தால் அவரிடம் போகவே தயங்குவார். திரும்பப் போய், கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதி வா என்றேன். அன்றிரவு அவர் எழுதியது இப்படி இருந்தது: “இரவு 9.40. பெயர் கேட்டதற்குப் பதில் இல்லை. தண்ணீர் கொடுத்ததும் வாங்கிக் குடித்தார். வலது கணுக்காலில் பழைய துணிக் கட்டு, வாடை வருகிறது. வலது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. இடது பக்கம் உட்கார்ந்து பேசியபோது முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.” கடைசி இரண்டு வரியைப் படித்ததும் காது டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். வலது காது கேட்கவே இல்லை, இடது காதும் அரைகுறைதான். இடது பக்கம் உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகு தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். நான் ஒவ்வொரு ஆண்டும் புதுப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு குறிப்புகளையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுகிறேன்.

மனநோயால் தெருவில் திரிபவரைக் கண்டால் என்ன செய்வது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 100. தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கையும் பதிய வேண்டும். இந்தப் பிரிவை அச்சடித்துப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஸ்டேஷனில் சண்டை போட இல்லை, “சார், இதுல இப்படி இருக்கு, எங்க லெட்டர் இது” என்று மரியாதையாகக் காட்டத்தான். சென்னையில் 1794-லிருந்து இருக்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, தெருவில் திரியும் மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல் தொடங்கிய பேனியன் அமைப்பு, இப்போது மாவட்டங்களில் அரசு தொடங்கியிருக்கும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் ஆகியவற்றைப் பற்றியும் மாணவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இவை பிற்பாடு அவர்களே வேலை தேடிப் போகக்கூடிய இடங்களும்கூட.

சான்றிதழ் வேலை என்றால் பிள்ளைகளுக்குச் சலிப்பு. ஆனால் ஒரு காப்பகப் பணியாளரின் பகல் முழுக்க அதிலேதான் போகிறது. ஆதார் தொலைந்தவர் புதிதாகப் பதிந்தால், கைரேகை ஏற்கெனவே இருக்கிறது என்று நிராகரிக்கப்படும். அதனால் முன்பு எடுத்திருக்கிறாரா என்று கேட்டு, கைரேகையை வைத்துப் பழைய எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியில் போக வேண்டும். முகவரிச் சான்று இல்லாதவரும் சாதாரணச் சிறு சேமிப்புக் கணக்கை வங்கி அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைரேகையோ வைத்துத் தொடங்கலாம். முதியோர் உதவித்தொகைக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது.

ஓட்டுரிமை பற்றிச் சொன்னால் மாணவர்களே ஆச்சரியப்படுவார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ல், வீடில்லாதவர் தான் படுக்கும் இடத்தையே முகவரியாகக் கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, உண்மையில் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்ப்பார். அவருக்கு உறுதியானால் வேறு சான்று தேவையில்லை. ஒரு முதியவர் தன் அட்டையைக் கையில் வாங்கிப் பிளாஸ்டிக் கவரில் மடித்து, இடுப்பில் செருகி, மேலே துண்டைக் கட்டிக்கொண்டார். பிறகு கூட வந்த மாணவியிடம், “இதுல எந்த எடம்னு போட்டிருக்கு, படிச்சுக் காட்டும்மா” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் மூன்று தடவை படித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு அவள் படிவங்களைச் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஊருக்கு அனுப்புவது எல்லா மாணவருக்கும் பிடித்த வேலை. அதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. பேசாமலே இருந்த ஒருவர் எப்போதும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எதையோ முறுக்கிக்கொண்டே இருப்பார். எல்லோரும் அதை நோயின் பழக்கம் என்று நினைத்தோம். நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவர் பார்த்ததும், இழை அறுந்தால் முடிபவர்கள் விரல் அப்படித்தான் போகும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, “பட்டா, பருத்தியாண்ணே?” என்று கேட்டார். “பட்டு” என்று பதில் வந்தது. கொஞ்சம் கழித்து, “ஆரணி.” அங்கிருந்து காவல் நிலையம் வழியாக ஒரு தம்பி கிடைத்தார். போனில் அழுதார், அழுது முடித்துவிட்டு, “மறுபடியும் கெளம்பிப் போயிட்டா என்ன சார் பண்றது?” என்று கேட்டார். உண்மையான வேலை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. மாத்திரை எதற்கு, எப்போது, நிறுத்தினால் என்ன ஆகும், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் வருவார், வீட்டில் யார் சோறு போடுவார்கள், அவர் தறியில் உட்கார முடியுமா என்றெல்லாம் பேசித் தீர்த்த பிறகுதான் அழைத்துப் போனார்கள். போன பிறகும் அந்த மாணவர் மாதாமாதம் போன் செய்தார். படிப்பு முடிந்து போகும்போது அந்தப் பொறுப்பை அடுத்த ஆண்டு மாணவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் எல்லோருக்கும் வீடு போவது நல்லதாக இருக்காது. மகன் வீட்டு நம்பரை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டே சொல்ல மறுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அடி வாங்கியிருப்பார்கள், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்தியிருப்பார்கள். மாணவருக்குத் துருவித் துருவிக் கேட்டுக் கண்டுபிடிக்கும் உற்சாகம் இருக்கும். அவரைக் கேட்காமல் யாருக்கும் போன் போடக் கூடாது என்பது எங்கள் விதி. மாறாத விதி.

இந்த வேலைக்கு வருபவர் தன்னைப் பார்த்துக்கொள்வது பற்றியும் பேசியாக வேண்டும். சம்பளம் குறைவு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. காப்பகத்துக்கான நிதி தாமதமானால் பணியாளர் சம்பளமும் தாமதமாகிறது. சேவை மனப்பான்மை இருந்தால் போதும் என்று சொல்லி இதை மூடி மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் இளைஞர் எத்தனை நாள் இன்னொருவருக்கு வீடு தேடிக் கொடுப்பார்? நல்ல பிள்ளைகள் இதனால்தான் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள். காப்பகத்தில் இருக்கும் வயதானவர்களுக்கோ, பழகிய முகம் மாறிக்கொண்டே இருக்கிறது. புது முகத்திடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். பணியாளரின் சம்பளமும் விடுப்பும் அங்கே தங்குபவரின் பராமரிப்போடு சேர்ந்தவை என்று நான் எல்லா இடத்திலும் சொல்லி வருகிறேன்.

இன்னொன்று சாவு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே பெரும்பாலானவர்கள் ஒரு மரணத்தைப் பார்த்துவிடுகிறார்கள். முந்தின நாள் கையைப் பிடித்துப் பேசியவர், காலையில் எழுந்திருக்கவில்லை என்று தெரியவரும். அப்போது யாருக்குத் தகவல் சொல்வது, எதைத் தொடக் கூடாது, போலீஸுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற நடைமுறை முன்பே தெரிந்திருந்தால், பிள்ளைகள் உடைந்துபோனாலும் திகைத்து நிற்பதில்லை. நல்லடக்கத்துக்கு மாணவர்களும் வரலாம், வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருபவர்கள் அவருடைய பெயரைச் சரியாகச் சொல்கிறார்கள், பூ வாங்கி வருகிறார்கள். அந்த வாரம் அவர்களுக்குப் புது கேஸ் கொடுக்காமல், தினமும் அரை மணி நேரமாவது கூட உட்கார்ந்து பேசுகிறேன்.

இப்போது கடைசி செமஸ்டரில், வேலைக்கான நேர்காணலுக்கு அவர்கள் போகும் முன், அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளையும் பழக்குகிறேன். காப்பகத்தில் எத்தனை பேர் தங்குகிறார்கள், ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை பணியாளர்? ராத்திரி ஷிஃப்ட்டில் தனியாக இருக்க வேண்டுமா? நள்ளிரவில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் கூட ஆஸ்பத்திரிக்குப் போவது யார், காப்பகத்தில் இருப்பது யார்? பெண் பணியாளருக்குத் தனிக் கழிப்பறை உண்டா? வார விடுமுறை எந்த நாள், அன்று யார் பார்த்துக்கொள்வார்கள்? பி.எஃப். பிடிக்கிறார்களா? முன்பு இருந்தவர் ஏன் போனார்? முதலில் இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி இவற்றைக் கேட்டபோது, அந்த நிறுவனத்தின் மேலாளர் பேனாவை வைத்துவிட்டு, ராத்திரிக்கு இரண்டாவது ஆள் போட வேண்டும் என்று தானே பல நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாராம். அவள் அங்கேதான் சேர்ந்தாள். அவளோடு இன்னொரு பெண்ணையும் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு எடுத்திருக்கிறார்கள். அவளும் எங்கள் மாணவிதான்.